கருப்பம்மாவிடம் சொல்லாதது

...அப்படிப் பார்த்தால் நான் பொய் சொல்லவில்லை, உயிரைக் காப்பாற்றுவார்கள் என்று சொன்னேன், காப்பாற்றித்தான் இருக்கிறார்கள், இதோ கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறார் வீரய்யா, ஐந்தாவது போத்தல் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது, சொட்டு நின்றால் கூப்பிடு நளீரா என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு நர்ஸ் மிஸ்ஸி அடுத்த வார்ட்டுக்குப் போய்விட்டாள். அட்டெண்டன்ட் என்றால் கூட்டுவது, கழுவுவது என்று நினைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தேன், இப்போது ரத்தத்துக்குக் காவல், டொக்டருக்கு வாய்... அவருக்குத் தமிழ் வராது, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான், நடுவில் பதுளையில் கடைக்காரர் மகளாகப் பிறந்து இரண்டையும் படித்துவைத்த பாவி நான். இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டு போத்தல் ரத்தம்தான் இருந்தது, மீதியைப் பதுளையிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள், குளிர்ச்சியோடு ஏற்றினால் உடம்பு விறைத்துவிடுமாம், ஆறாவது போத்தல் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடக்கிறது, அதையும் நான்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். கம்பளி மேலே படாமல் இருக்கக் காலுக்கு மேல் கம்பிக் கூடு வைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கால் இருக்கிறதா இரண்டு கால் இருக்கிறதா என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

காலையில் கொழுந்து லொறியிலிருந்து இறக்கும்போதே ஆளுக்கு நினைவில்லை, காட்டில் வெட்டிப்போட்ட மரம் உருண்டு வலது தொடையில் ஏறிவிட்டதாம், இரண்டு பலகையை அணைத்துத் துண்டால் கட்டியிருந்தார்கள், அவிழ்த்துப் பார்த்த டொக்டர் என் பக்கம் திரும்பினார், எலும்பு பொடியாகிவிட்டது, ரத்தக்குழாயும் நசுங்கிவிட்டது, பதுளைக்கு அனுப்பினால் வழியிலேயே முடிந்துவிடும், காலை எடுத்தால் பிழைக்கலாம், பெண்சாதியிடம் சொல்லிக் கைநாட்டு வாங்கு என்றார். வாங்கு... எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார், அரை ராத்தல் சீனி வாங்குகிற மாதிரி. கருப்பம்மா இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்றாள், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே லொறியில் ஏறியிருக்கிறாள், “கால் நல்லாயிருமாங்கம்மா?” என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்தா எல்ல ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஞாபகத்துக்கு வரவேண்டும், போன மழைக்காலத்தில் நசுங்கின கையோடு வந்தவர், கையை எடுக்க வேண்டுமாம் என்று ஒரு சொல் குறையாமல் அவருடைய மகன்மாரிடம் சொன்னேன், கூடிப் பேசினார்கள், எலும்பு கட்டுகிறவரிடம் காட்டுவோம் என்று கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஐந்தாம் நாள் அடக்கம் என்று கேள்விப்பட்டேன். டொக்டர் ஏசவில்லை, நீ சரியாகச் சொன்னாயா என்று மட்டும் கேட்டார், சரியாகச் சொன்னதுதானே வினை... அதனால்தான் கருப்பம்மாவிடம், “உசுரக் காப்பாத்துவாங்க தங்கச்சி, இதுல விரல வைங்க” என்றேன், மறுபடியும் காலைப் பற்றிக் கேட்டாள், மறுபடியும் உயிரைப் பற்றியே சொன்னேன். விரலை நானே பிடித்துத் தாளில் அழுத்தினேன், கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல். அவர் உயிருக்காகவா அப்படிச் செய்தேன், அல்லது அவள் முகம் மாறுவதைப் பார்க்கத் தைரியம் இல்லாமலா... யா அல்லாஹ்.

இப்போது உள்ளே வருகிறாள், வரட்டும், ஏசட்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்வேன், ஆனால் அவள் என்னைப் பார்க்கவே இல்லை, கட்டிலைச் சுற்றிப்போய் நேராக இடது பக்கம் உட்கார்ந்து, கம்பளிக்குள் கையை விட்டு இடது பாதத்தைப் பிடித்து மெல்ல அமுக்கத் தொடங்கினாள். கம்பிக் கூடு மறைத்திருக்கிறதே, அடிபட்ட வலது பக்கம் திரும்பியும் பார்க்கவில்லையே, அங்கே கால் இல்லை என்று இவளுக்கு யார் சொன்னது? என் பார்வை வலது பக்கம் போனதைக் கவனித்துவிட்டாள். “தெரியுங்கம்மா,” என்றாள், “ரெண்டு தரம் காலப் பத்திக் கேட்டேன், ரெண்டு தரமும் நீங்க உசுரப் பத்தியே சொன்னீங்க. அப்பவே வெளங்கிருச்சு.” பிறகு ஏன் விரலை வைத்தாய் என்று கேட்டேன். “லொறியில வரயில, நெனவு தப்புறதுக்கு முன்னாடி ஏங் கையப் புடிச்சிக்கிட்டாரு. என்ன ஆனாலும் கால எடுக்க விட்றாத, நொண்டியா லயத்து வீட்டுல கெடக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாருங்க. நீங்க வெளிப்படையா சொல்லியிருந்தா நான் வெச்சிருக்க முடியாது. நல்ல வேள, சொல்லல.” பாதத்தை அமுக்கிக்கொண்டே சொன்னாள், “முழிச்சதும் அவருகிட்ட சொல்லிருங்கம்மா, அவளுக்குத் தெரியாது, நாங்கதான் சொல்லாம கைநாட்டு வாங்கிட்டோம்னு. ஒங்கள ஏசுவாரு. ஏசிட்டுப் போகட்டும். நான் அவரோட இருந்தாகணும்.” எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, காலையிலிருந்து ஒரு வாய்த் தேத்தண்ணி இறங்காமல் இவளுக்காகத்தானே வெந்துகொண்டிருந்தேன், பிறகு அழுகை வந்தது, இவளும் ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டாள், சரி என்று தலையாட்டினேன், அவருடைய உதட்டை நனைக்கத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

அவள் போன கையோடு வீரய்யா கண்ணைத் திறந்தார், கூரையைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், கை கம்பளிக்குள் மெதுவாகக் கீழே போய் ஓரிடத்தில் நின்றது, நான் தடுக்கவில்லை, எதைத் தடுக்க... “எடுத்துட்டாங்களா?” ஆமாங்க என்றேன். “அவளுக்குத் தெரியுமா?” தெரியாதுங்க, நாங்கள்தான் சொல்லாமல் கைநாட்டு வாங்கினோம், என்று ஒப்புக்கொண்டபடி ஒப்பித்துவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசவில்லை. கண்ணீர் காதோரம் இறங்கித் தலையணையில் விழுந்தது. “அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேங்கம்மா... தெரிஞ்சா தன்னாலதான் போச்சுன்னு சோறு தண்ணி இல்லாம கெடப்பா. ரெண்டு நாளைக்குச் சொல்லாதீங்க. கால் இருக்குன்னே நெனச்சுக்கட்டும்.” நான் அதற்கும் தலையாட்டினேன், வேறு என்ன செய்ய, சிங்களத்தைத் தமிழாக்கத்தான் எனக்குத் தெரியும், இவர்கள் இரண்டு பேரும் பேசுவது ஒரே தமிழ், ஒரே லயத்துத் தமிழ், இதற்கு நடுவில் நான் எதற்கு, இரண்டு நாள் கழிந்தால் யார் யாருக்கு என்ன சொல்வேன்... கருப்பம்மா தண்ணீரோடு வந்து நிற்கிறாள், அவர் என் முகத்தைப் பார்க்கிறார், அவளும் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.