வெள்ளிக்கிழமை சுரண்டாத பொட்டுகள்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தினேஷின் கடையில் புது லேப்டாப் ஒன்றுகூடக் கிடையாது. பெரிய கம்பெனிகள் நான்கைந்து வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுபவை அவனிடம் வந்து சேரும். துடைத்து, பேட்டரி பார்த்து, விண்டோஸ் ஏற்றி விற்பான். இதில் துடைப்பதுதான் பெரிய வேலை. அம்பத்தூர் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை அன்று லேத்து மெஷினுக்கு வைக்கும் சந்தனப் பொட்டை லேப்டாப்புக்கும் வைத்துவிடுவார்கள். அது காய்ந்து கல்லாகி கீபோர்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய ஏடிஎம் கார்டின் முனையால் தினேஷ் அதைச் சுரண்டி எடுப்பான். வாரத்தில் ஆறு நாளும் சுரண்டுவான். வெள்ளிக்கிழமை மட்டும் மாட்டான். சாமிக்கு வைத்த பொட்டை வெள்ளிக்கிழமை அழிக்கக் கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். கடைக்கு வந்த பிறகும் அவன் அதை விடவில்லை.

சுதா அந்தக் கடைக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை.

அவள் கணவன் எத்திராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருடம் லேத்து ஓட்டியவன். சர்க்கரை அவன் கண்ணில் இறங்கி, இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்வை முழுதாகப் போய்விட்டது. முதல் வருடம் கட்டிலிலேயே கழிந்தது. அப்புறம் ஆவடியில், திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் சாப்ட்வேரை வைத்துக் கம்ப்யூட்டர் கற்றுத்தரும் ஒரு வகுப்பில் சேர்ந்தான். இப்போது ஒரு வேலை கதவருகே வந்து நின்றது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில், போனில் வரும் புகார்களைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் பதிய ஆள் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு புகாரைக் கேட்டு எழுதிக் காட்டினால் வேலை. வகுப்பில் அவனுக்குக் கம்ப்யூட்டர் கிடைப்பது வாரத்துக்கு மூன்று மணி நேரம். அது போதாது என்று சுதாவுக்குத் தெரியும்.

"இது ஒண்ணு கீதுக்கா" என்று கறுப்பாக, கனமாக ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தான் தினேஷ். "மிலிட்டரி ஒடம்பு. கீய வுட்டாலும் ஒண்ணியும் ஆவாது. ஆனா இன்னும் தொடைக்கல, பொட்டு அப்பிடியே கீது பாரு. நாளிக்கி வா, பளபளன்னு தர்றேன்."

"நாளிக்கின்னா ஒரு நாளு போச்சே நைனா. குடு, ஊட்ல நானே தொடச்சிக்கறேன்."

"இன்னிக்கி தொடைக்காதக்கா, வெள்ளிக்கெயம."

"யாருக்கு சொல்ற? நான் இன்னா சர்ச்சுக்கா போய்க்கினு கீறேன்?"

தினேஷ் சிரித்தான். யாருக்கு லேப்டாப் என்று கேட்டு, பேசும் சாப்ட்வேரையும் தானே தேடி ஏற்றிக் கொடுத்தான். அதற்கு அவள் காசு எடுத்தபோது, வேண்டாமென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை கோவில்பதாகை வீட்டில் சுதா தேங்காய் எண்ணெய் தொட்ட துணியோடு உட்கார்ந்தாள். பொட்டுகள் சந்தன நிறத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சில பட்டன்களில் மட்டும் இருந்தன. மேல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். நகத்தால் நெம்பினால் ஒவ்வொன்றும் டிக்கென்று தெறித்து வந்தது.

"இன்னாமே, எலி பிறாண்டற மாறி கேக்குது?" என்றான் எத்திராஜ், டீ டம்ளரோடு.

"எவனோ பெரிய பக்தன்யா. பட்டன் பட்டனா பொட்டு வச்சிருக்கான். மெஷினுக்கு ஒண்ணு வச்சா பத்தாதா?"

"எங்க, குடு பாக்கலாம்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மடியில் வாங்கிக்கொண்டான். இரண்டு கையையும் பட்டன்கள் மேல் பரப்பினான். சுதா ஆன் செய்ததும் லேப்டாப்பின் குரல் பேச ஆரம்பித்தது. பேச்சை நிறுத்தும் பட்டன் வகுப்புக் கம்ப்யூட்டரில் இடது கீழ் மூலையில் இருக்கும். பழக்கத்தில் சுண்டுவிரல் அங்கே போய் அழுத்தியது. குரல் நிற்கவில்லை. இந்த லேப்டாப்பில் மூலையில் வேறு பட்டன். விரல் தயங்கிப் பக்கத்துப் பட்டனுக்கு நகர்ந்தது. அங்கே ஒரு பொட்டு இருந்தது. அழுத்தினான். குரல் நின்றது.

எத்திராஜின் முகம் மாறியது. வலது கை மெல்ல நகர்ந்தது. நெருக்கமாக இருக்கும் அம்புக்குறிகளில் கீழ் அம்புக்கு மட்டும் பொட்டு. எழுதியதை அழிக்கும் பட்டனுக்குப் பொட்டு. அதன் பக்கத்துப் பட்டன்களுக்கு இல்லை.

"சுதா, இனிமே எதியும் தொடாத."

"ஏன்யா?"

"இது சந்தனம் இல்ல." அவன் குரல் தாழ்ந்துவிட்டது, கருவறை முன்னால் நிற்கிறவனைப் போல. "பொட்டுன்னா நடுவுல வைப்பாங்க. இது எல்லாமே ஓரமா கீது. விரலு எங்க வந்து வியுமோ, கரெக்டா அங்க. எனக்கு வழி தப்புற எடத்துல எல்லாம் ஒண்ணு கீது. என்ன மாறி ஒருத்தரு இதுல வேல பாத்திருக்காங்க சுதா."

சுதாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடி தன் நகத்தைப் பார்த்தாள். விரித்திருந்த பேப்பரில் சந்தன நிறத்தில் மூன்று துணுக்குகள் கிடந்தன.

"மேல் வரிசைல மூணு எடுத்துட்டேன்யா."

"எதெது?"

அவளுக்குத் தெரியவில்லை. மேல் வரிசையில் பதினாறு பட்டன்கள் இருந்தன. எண்ணெய் போட்டுத் துடைத்ததில் தடம்கூட இல்லை. எத்திராஜ் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். ஒரு தடவை சத்தமே போய்விட்டது. இன்னொரு தடவை எழுதியது முழுவதும் மூடிக்கொண்டது. மறுபடி இடது ஓரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தான். அவன் திட்டியிருந்தால் சுதாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மத்தியானமே லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆவடி வந்து, கரையான்சாவடி வழியாகப் போகும் பூந்தமல்லி பஸ் பிடித்தாள். தினேஷ் கையில் அந்த ஏடிஎம் கார்டோடு இன்னொரு லேப்டாப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் கை நின்றுவிட்டது. கார்டை மேசையில் வைத்தான்.

"நேத்து காலைலதான்கா இத பெட்டிலேர்ந்து எட்த்தேன். வேற நாளா இருந்தா நீ வர்றதுக்குள்ள எல்லாத்தியும் சுரண்டித் தள்ளியிருப்பேன்."

ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"எட்டு வருசமா சுரண்டறேன்" என்றான் தினேஷ். "எத்தினி எட்த்திருப்பேன்னு தெரியல. ஒரு தபாகூட தொட்டுப் பாக்கல."

லேப்டாப்பைத் திருப்பினான். அடியில் கம்பெனி ஸ்டிக்கர் இருந்தது: ஒரு வரிசை எண், ஒரு போன் நம்பர். அதையும் அவன் வழக்கமாகத் தின்னர் போட்டு எடுத்துவிடுவான். துடைக்காமல் கொடுத்ததால் தப்பியிருந்தது. போன் செய்தான். இது யார் வைத்திருந்த லேப்டாப் என்று கேட்டதும் எதிர்முனையில் இருந்தவர், அந்த விவரமெல்லாம் வெளியில் தர முடியாது என்றார்.

"பேரு வேணாம் சார், நம்பரும் வேணாம். அவங்களாண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. மேல் வரிசைல பொட்டு எந்தெந்த பட்டன்ல இருந்திச்சி? ஒரு அக்காவோட ஊட்டுக்காரருக்கு கண்ணு தெரியாது, அவருக்கு வேல கெடைக்கிற விசயம் சார்." சுதாவின் நம்பரைக் கொடுத்து இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சுதாவின் போன் அடித்தது.

"என் பேர் சாவித்திரி. அந்த லேப்டாப்ல அஞ்சு வருஷம் நான்தான் வேலை பார்த்தேன்" என்றது குரல். நிதானமான, சிரிப்பு ஒளிந்திருக்கும் குரல். "எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நீங்க கேட்டது எஃப் நாலு, எஃப் எட்டு, அப்புறம் இன்செர்ட். அந்த மூணும் இல்லைன்னா மேல் வரிசை முழுக்க ஒரே சுவர் மாதிரி இருக்கும். பாவம், உங்க வீட்டுக்காரர் ரொம்ப முட்டிக்கிட்டாரா?"

"ரெண்டு நாளா முட்டிக்கினுதான் கீறாரு மேடம்." சுதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எல்லாம் என்னாலதான். நீங்க எவ்ளோ பொறுமையா வச்சிருப்பீங்க, நான் போயி..."

"நான் வைக்கலையே."

"இன்னா மேடம்?"

"வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தக் கீபோர்டோட ரொம்பக் கஷ்டப்பட்டேன். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா, இவளால முடியாதுன்னு நினைச்சிடுவாங்களோன்னு பயம். அடுத்த திங்கட்கிழமை போய்க் கை வச்சேன். பதினோரு இடத்துல பொட்டு. நான் தடுமாறுற அதே பதினோரு இடம். லேசா நெயில் பாலீஷ் வாசனை. யாருன்னு கேட்டேன். யாரும் வாய் திறக்கல."

எத்திராஜ் போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு சுதாவின் கையில் பட்டது.

"தேஞ்சு போனா ஒருநாள் காலையில புதுசா இருக்கும்" என்றார் சாவித்திரி. "போன மாசம் பழைய லேப்டாப்பை எல்லாம் எடுத்துட்டுப் புதுசு கொடுத்தாங்க. சரி, இனிமே அவ்வளவுதான்னு நினைச்சேன். மறுநாள் அதிலயும் பதினோரு பொட்டு."

"இப்பவாவது யாருன்னு தெரிஞ்சிதா மேடம்?"

"தேடல. என்னை ஒருத்தங்க ஒரு வாரம் முழுக்க சத்தமில்லாம கவனிச்சிருக்காங்க. என் விரல் எங்கெங்க தப்புதுன்னு மனசுல எழுதி வச்சிருக்காங்க. பேர் தெரிய வேணாம்னு அவங்க நினைச்சா, அதைப் போய் நான் ஏன் கெடுக்கணும்? ஆபீஸ்ல யார் பேசினாலும் இவங்களா இருக்குமோன்னு தோணும். அதனாலயே அஞ்சு வருஷமா யார்மேலயும் எனக்குக் கோபம் வந்தது இல்லை."

போனை வைத்த பிறகு சுதா சாமி அலமாரி முன்னால் போய் நின்றாள். கைகூப்பினாள். யார் பேரைச் சொல்லி வேண்டுவது என்று தெரியவில்லை. கோயில் வழியில் விளக்கு எரிகிறது. ஏற்றியவர் யார் என்று கேட்காமல் அந்த வெளிச்சத்தில் நடந்து போகிறோம். அப்படி எத்தனை வெளிச்சத்தில் நடந்திருக்கிறோமோ என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தாள். பிறகு பேன்சி ஸ்டோருக்குப் போய்ச் சந்தன நிறத்தில் ஒரு நெயில் பாலீஷ் பாட்டில் வாங்கிவந்தாள்.

முதல் பொட்டு தட்டையாகப் போய்விட்டது. தடவினால் தெரியவே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஒரு சொட்டு காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு சொட்டு, அது காய்ந்ததும் இன்னொன்று. உயரம் சரியா என்று பார்க்கக் கண்ணால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டால்தான் தெரிந்தது. இருட்டுக்குள் அந்தச் சின்ன மேடு விரலில் தட்டியபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும், அவன் இருக்கும் இடத்துக்கு அவள் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

மூன்று பொட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பதினொன்றுக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? ஆபீஸ் காலியான பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, காய்கிறதா என்று ஊதிக்கொண்டு, ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

வியாழக்கிழமை வரை எத்திராஜ் லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கவில்லை. சுதா சமையலறையிலிருந்து புகார் கொடுப்பாள். "அலோ, உங்க மெஷின்ல தண்ணி வர்ல, காத்துதான் வருது!" "அட்ரசு சொல்லுமா." "ஏன், நீ வந்து ஊதப் போறியா?" அவன் சிரித்துக்கொண்டே எழுதுவான். லேத்து முன்னால் நின்ற காலத்து நிமிர்வு அவன் முதுகுக்குத் திரும்பியிருந்தது. தினேஷ் தினம் ஒரு தடவை போன் செய்து விசாரித்தான். இப்போதெல்லாம் எந்த லேப்டாப் வந்தாலும் கண்ணை மூடித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கார்டை எடுக்கிறானாம்.

வெள்ளிக்கிழமை அம்பத்தூர் ஆபீசில் தேவிப்பிரியா என்கிற அதிகாரி எத்திராஜைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். அவன் பழகிய லேப்டாப்பிலேயே எழுதிக் காட்டலாம் என்றார். சுதா வெளியே நின்று பார்த்தாள். போன் அடித்தது. அவன் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டான். விரல்கள் நகர்ந்தன. மேல் வரிசைக்கு ஒரு கை போனபோது சுதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஒரு கணம் நின்றது, தொட்டது, அழுத்தியது. எண்ணவே இல்லை.

தேவிப்பிரியா திரையைப் படித்தார். "ஒரே ஒரு எழுத்து தப்பு. நான் அடிச்சா மூணு தப்பாவது வரும்" என்றார். "ஒண்ணாந்தேதி சேர்ந்துடுங்க சார். ஒரே ஒரு விஷயம். இங்க கம்பெனி லேப்டாப்லதான் வேலை பார்க்கணும், சொந்த லேப்டாப் கூடாது."

எத்திராஜின் கை அவன் லேப்டாப் மேல் அப்படியே நின்றது. சுதா உள்ளே வந்து, கைப்பையைத் திறந்து அந்தப் பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.

"மேடம், அந்த லேப்டாப்ப மொத நாளு ஒரு மணி நேரம் எங்கிட்ட குடுக்க முடியுமா?"

எதற்கு என்று கேட்டார் தேவிப்பிரியா. சுதா சொன்னாள், சனிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும். தேவிப்பிரியா பழைய லேப்டாப்பின் மேல் விரலை வைத்து, தானாகவே கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத்தான் திறந்தார்.

"பாட்டிலை இங்கயே வச்சிட்டுப் போங்க" என்றார். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "எந்தெந்த பட்டன்னு மட்டும் சொல்லுங்க."

எத்திராஜ் ஒவ்வொன்றாகச் சொன்னான். பேனா தாளில் ஓடும் சத்தம் பதினோரு தடவை கேட்டது.

"அப்புறம் மேடம்" என்றான். "நடுவுல வேணாம். கொஞ்சம் ஓரமா வைங்க. விரலு அங்கதான் வந்து வியும்."