காசு வெட்டிப் போட்டவர்கள்

கிழக்கு வெளுக்கும் முன்பே நாங்கள் மிளகாய் வத்தல் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்துவிடுவோம். பரளச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து நாலு மைல், அஞ்சு மைல் நடந்து வந்த பொம்பளைகள் நாற்பது பேர். காய்ந்த மிளகாய் வத்தல் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். காம்பைக் கிள்ள வேண்டும், சோடையை ஒதுக்க வேண்டும், நல்லதைச் சாக்கில் அள்ள வேண்டும். சொல்லுவதற்கு இவ்வளவுதான் வேலை. ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். சூரியன் எட்டிப் பார்ப்பதற்குள் நூறு தும்மல் போட்டு, மூக்கு ஒழுகி, பத்து விரலும் தீயாய் எரியும். என்ன எரிந்தாலும் அந்தக் கையால் கண்ணைத் துடைக்கக் கூடாது. வேலைக்கு வருகிறவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. கைப்பிள்ளைக்காரிகள் சாம்பலைப் போட்டுத் தேய்த்து, புளித்த மோரில் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவார்கள். அப்படியும் பிள்ளை வீறிட்டு அழும்.

கிலோவுக்கு ஆறு பைசா கூலி. முந்தின வருசம் ஏழு பைசாவாக இருந்தது. வத்தல் விலை ஏற ஏற எங்கள் கூலி எதற்கு இறங்குகிறது என்று கேட்டால், இஷ்டமிருந்தால் இரு என்பார் முதலாளி.

முதலாளி சௌந்தரபாண்டியனுக்கு அருப்புக்கோட்டையில் மாடி வீடு. நெற்றி நிறையத் திருநீறு பூசி, தராசுக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார். அப்பேர்ப்பட்ட பக்திமான். எழுபதாம் வருசம் ஆவணியில் ஒரு சனிக்கிழமை, கூலி கொடுக்கும்போது என்னைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். ஒவ்வொருத்தியாக உள்ளறைக்குக் கூப்பிட்டுத்தான் கூலி கொடுப்பது அவர் வழக்கம்.

"மாரிக்கனி, சர்க்காரு காலனி வீடு கட்டப்போகுது. ஓட்டு வீடு. தெரிஞ்ச ஆபீசரு ஒருத்தரப் பிடிச்சு ஒன் பேர எழுதி வச்சிருக்கேன். டெபாசிட்டு எழுபத்தஞ்சு ரூவா. வாரம் ஒரு ரூவா கூலியில பிடிச்சிக்கிறேன். இருக்கிறது ஒரே வீடு. வெளிய மூச்சு விட்டியானா வேற ஆளு கொத்திட்டுப் போயிருவான். ஒனக்கு மட்டுந்தான், பாத்துக்கோ."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வத்தல் நெடியால் அல்ல. எங்கள் குடிசை அடுத்தவர் புஞ்சை வரப்போரம் நின்றது. நிலத்தை விற்கப்போகிறேன், காலி பண்ணு என்று சொந்தக்காரர் வருசா வருசம் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் சந்தனம் கிணறு வெட்டும் வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அவரிடம்கூட நான் மூச்சு விடவில்லை. வாரம் ஒரு ரூபாய் போனதில் அரிசி போய்க் கம்மங்கூழ் வந்தது. பிறகு கூழும் ஒரு வேளையானது. பிள்ளைகள் கேட்டால், இருங்கடா, ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்னலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ரூபாய்க்கு ஒரு சீட்டு கொடுத்தார். எழுத்து ஒன்றும் இல்லை, ஊதா மையில் ஒரு முத்திரை மட்டும். வத்தல் மூடையில் தொங்கும் அட்டையில் குத்துகிற அதே முத்திரை. நான் மூன்றாப்பு படித்தவள், ஊரில் நாலு பேருக்குக் கடுதாசி வாசித்துக் காட்டுகிறவள். முதலாளி முத்திரையே இருக்கும்போது என்ன பயம் என்று சீட்டுகளைக் கூரையில் செருகி வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எழுபத்தைந்து வாரமும் முடிந்தது. ஆபீசர் மாறிவிட்டார் என்றார். அடுத்த மாதம் என்றார். பங்குனியில் நிலத்துக்காரர் வந்து, கிரயம் பேசியாயிற்று, சித்திரை முடிவதற்குள் குடிசையைப் பிரித்துவிடு என்று கெடு வைத்துவிட்டுப் போனார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறித் திருச்சுழி யூனியன் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா தங்கமான மனுசர். இரண்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு திட்டமும் இல்லை, காலனி வீட்டுக்கு யாரும் டெபாசிட் வாங்குவதும் இல்லை, யாரிடமோ ஏமாந்திருக்கிறாய் என்றார்.

திரும்பி வந்து முதலாளியிடம் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"டெபாசிட்டா? எந்த டெபாசிட்டு? நீ வச்சிருக்கது எடைச் சீட்டு. வெயில்ல நடந்து வந்து மூளை கலங்கிருச்சா?"

அன்று ராத்திரி தூக்கமில்லை. பணம் போனது ஒரு பக்கம். ஓடு ஓடாக எண்ணி அந்த வீட்டை மனசுக்குள் கட்டி முடித்திருந்தேனே, அதுதான் ஆறவில்லை. வெளியே சொல்லவும் வெட்கம். கடுதாசி வாசிக்கிறவளே ஏமாந்தாளா என்று ஊர் கைகொட்டிச் சிரிக்காதா.

எங்கள் பக்கத்தில் சாட்சியில்லாமல் ஏமாந்தவருக்கு ஒரே ஒரு கோர்ட்டுதான் உண்டு, கண்மாய்க்கரை மொட்டைக் கருப்பசாமி. உச்சிப்பொழுதில் போய், ஏமாற்றினவன் பேரைச் சொல்லி, காசை இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பாதி சாமி காலடிக்கு. மறுபாதி, நியாயம் கிடைக்கிற வரைக்கும் வெட்டினவர் முந்தியில். அதற்குள் ஏமாற்றினவன் வீடு விளங்காமல் போகும் என்பது நம்பிக்கை.

அமாவாசைக்குக் கிட்டங்கி விடுமுறை. வீட்டுக்காரரின் உளியையும் சம்மட்டியையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அஞ்சு பைசாவைக் கல்லில் வைத்து ஓங்கிப் போட்டேன். கருப்பா, எழுபத்தைந்து வாரம் என் விரல் எரிந்த மாதிரி அவன் உடம்பு எரிய வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். பாதியைக் காலடியில் போடக் குனிந்தபோதுதான் கவனித்தேன். அங்கே ஏற்கனவே காசுகள் கிடந்தன. எல்லாம் பாதிக் காசுகள். துருவேறிய பழசு ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டால் மற்றதெல்லாம் புதுசு, வெட்டுவாய் மங்காமல் மினுங்கியது. புதுசை மட்டும் எண்ணினேன். முப்பத்தாறு.

அதில் ஒன்று ஓட்டைக் காலணாவில் பாதி. ஓட்டையில் சிவப்பு அரைஞாண் நூல் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நூலை எனக்குத் தெரியும். அருஞ்சுனையின் மகன் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்த காசு அது. செலவாகிற காசை வெட்ட மனசில்லாமல் பிள்ளை இடுப்பிலிருந்து அவிழ்த்திருக்கிறாள்.

அருஞ்சுனையும் கிட்டங்கிக்காரிதான். கிணற்றடியில் குடம் உடைந்த சண்டையில் எனக்கும் அவளுக்கும் இரண்டு வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவள் வீட்டு நாய் குரைத்தால்கூட நான் காதைப் பொத்திக்கொள்வேன். மறுநாள் காலை நேராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி இருந்தவர்கள் கிள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் முந்தியை அவிழ்த்து, உள்ளங்கையில் பாதிக் காசை வைத்து நீட்டினேன்.

அவள் கை தன் முந்தி முடிச்சுக்குப் போனது. பிறகு மெல்லக் கேட்டாள்.

"ஒனக்கும் ஓட்டு வீடா?"

"ஆமா. எனக்கு மட்டுந்தான்னாரு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு வருசச் சண்டை அன்றோடு தீர்ந்தது.

மதியக் கஞ்சி நேரத்துக்குள் முந்திகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. மூன்று பேர் வேலைக்குப் புதுசு. மிச்சம் முப்பத்தேழு பேரிடமும் ஒரு பாதி இருந்தது. அத்தனை பேருக்கும் ஒரே வீடு, அத்தனை பேரிடமும் 'ஒனக்கு மட்டுந்தான்'. ஒருத்தி வெட்கம் இன்னொருத்திக்குத் தெரியாமல், ஒரே சாமி காலடியில் தனித்தனியாகப் போய் அழுதிருக்கிறோம். மொத்தம் இரண்டாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து ரூபாய். முதலாளி வாங்கின புது லாரிக்கு முன்பணம் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது என்றார் மூடை தூக்குகிற இருளாண்டி அண்ணன்.

எங்களில் மூத்தவள் சங்கரம்மாள் அக்கா. கருப்பன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னத்தப் பாத்தான்? முப்பத்தேழு காசு வாங்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கான். மொதலாளிக்குத் தொந்தி ஒரு சுத்து கூடித்தான் இருக்கு."

"சாமியப் பேசாதடி. நம்ம எல்லாரையும் ஒருத்திக்கொருத்தி காட்டிக் குடுத்திருக்காருல்ல. மிச்சத்தையும் அவரேவா செய்வாரு?"

கிட்டங்கிக்கே தீ வைத்துவிடலாம், ஒரு தீக்குச்சி போதும் என்றாள் அருஞ்சுனை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கனவில் இரண்டு தடவை வைத்தும் விட்டேன். இருளாண்டி அண்ணன்தான் குறுக்கே விழுந்தார். "தீக்கு அவரு இன்சூரன்சு போட்டிருக்காரு, தாயி. எரிச்சா அவருக்குத்தான் லாபம். மழைக்குத்தான் இன்சூரன்சு கிடையாது."

நாங்கள் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். மழைக்கு ஏங்குவது இந்தக் கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்குப் புதுசில்லை. ஒரு ஆளைப் பழிவாங்க மழை கேட்டது அதுதான் முதல் தடவை.

சித்திரை பத்தாம் நாள் மேற்கே கருத்தது. மெட்ராசுக்கு லோடு ஏற வேண்டிய வத்தல் இருநூறு மூடைக்கு மேல் கிட்டங்கிக் களத்தில் காய்வதற்கு விரிந்து கிடந்தது. காற்றில் மண்வாசம் வந்ததும் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தார், அள்ளுங்க அள்ளுங்க என்று கத்திக்கொண்டே. நாங்கள் எழுந்தோம். அள்ளுவதற்கு அல்ல. வரிசையாகத் தராசுக்குப் போய், ஒரு தட்டில் ஒவ்வொருத்தியும் பாதிக் காசைப் போட்டுவிட்டுக் களத்தோரம் வந்து உட்கார்ந்தோம். இருளாண்டி அண்ணனும் மற்ற சுமைகாரர்களும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றார்கள்.

தட்டைப் பார்த்ததும் முதலாளிக்குப் புரிந்துவிட்டது. நெற்றித் திருநீற்றின் கீழே வேர்த்தது.

"எந்தச் சாமிகிட்ட வெட்டுனீக?" என்றார்.

"அத விடுங்க. எங்க ரூவாய வைங்க, அள்ளுறோம்" என்றேன்.

வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தனியே வா என்று உள்ளறைக்குக் கூப்பிட்டார். கல்லாவைத் திறந்து ஏழு பத்து ரூபாய்த் தாளும் ஒரு அஞ்சு ரூபாய்த் தாளும் எடுத்து என் கையில் திணித்தார்.

"ஒனக்குக் குடிசை கெடு இருக்குன்னு கேள்விப்பட்டேன். இத வச்சிக்கோ. நீ எந்திரிச்சு அள்ள ஆரம்பிச்சா மத்தவளுகளும் அள்ளுவாளுக. வெளிய சொல்லாத. ஒனக்கு மட்டுந்தான்."

பாவி. அதே சொல். ஒன்றரை வருசம் கழித்து அதே அறையில், ஒரு எழுத்து மாறாமல்.

தாள்கள் புதுசு, மடிப்புக்கூட விழவில்லை. கெடுவுக்கு இன்னும் இருபது நாள். அந்த எழுபத்தைந்து ரூபாய்க்குப் பனங்கை, ஓலை, கயிறு எல்லாம் வாங்கிப் புறம்போக்கில் ஒரு குடிசை போட்டுவிடலாம். என் பிள்ளைகள் வெயிலில் நிற்க வேண்டாம். வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்தேன். முப்பத்தாறு ஜோடிக் கண்ணும் என் மேல் இருந்தது. நேரே தராசுக்குப் போனேன். காசில்லாத தட்டில் அந்தத் தாள்களை வைத்தேன்.

"டெபாசிட்டே வாங்கலன்னு சொன்ன ஆளு, இப்ப என்னைய மட்டும் கூப்பிட்டு எழுபத்தஞ்சு ரூவா குடுத்திருக்காரு. எல்லாரும் பாத்துக்கோங்க. முப்பத்தேழு பேருக்கும் வாரவரைக்கும் இது என் காசு இல்ல, நம்ம காசு."

அருஞ்சுனை எழுந்து வந்து, காற்றில் பறக்காமல் அதன் மேல் ஒரு இரும்புப் படிக்கல்லைத் தூக்கி வைத்தாள்.

முதலாளி போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடச் சொன்னோம். எங்கள் கூரைகளில் இரண்டாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து சீட்டு இருக்கிறது, அத்தனையிலும் உங்கள் முத்திரைதான், எடைச் சீட்டில் எடையைக் காணோமே என்று போலீசிடமே கேட்போம் என்றேன்.

முதல் துளி விழுந்தது. ஒரு துளிக்கு ஒரு கை அளவு தூசி எழுந்தது. அவர் தாங்க மாட்டாமல் தானே களத்தில் இறங்கினார். வத்தல் தள்ளுகிற பலகையைப் பிடிக்கத் தெரியாது, இரண்டு கையாலும் வத்தலை வாரி வாரிக் குவித்தார். தும்மினார். மழைத்தண்ணீரில் திருநீறு கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. கையைத் தூக்கினார். வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்தக் கையாலேயே இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்தார்.

அவர் போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நான் நன்றாகப் பார்த்தேன். கேட்டதைக் கருப்பன் காட்டினான், அதற்காக நான் பாவி என்றால் பாவியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். சங்கரம்மாள் அக்காதான் ஒரு செம்பு மோரை அவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்தாள்.

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இப்போது அள்ளுங்கள் என்று கண்ணைத் திறக்க முடியாமலே சொன்னார். இன்றைக்கே பேசலாம் என்றாள் அருஞ்சுனை. தோளோடு தோள் இடிக்க நெருங்கி உட்கார்ந்தோம். துளிகள் பெருத்தன. தராசில் ஒரு தட்டில் எழுபத்தைந்து ரூபாய், மறுதட்டில் முப்பத்தேழு பாதிக் காசு, மிச்ச ரூபாய் இன்னும் கல்லாவுக்குள்தான். களத்திலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஓடி வந்து எங்கள் கால்விரல்களைத் தொட்டது. வத்தல் நனைந்தது, நாங்களும் நனைந்தோம். வத்தலுக்குத்தான் நனைந்து பழக்கமில்லை.