கண்ணாடிக் கட்டடத்துக்குச் சாம்பல் பூச்சு

1

இந்தக் கதை ஒரு மேஜையிலிருந்து வந்தது. வீடு கட்ட அனுமதி கேட்டுப் போன அலுவலகத்தில் காத்திருந்தபோது பார்த்தேன்: ஊர் முழுக்கக் குட்டி மாதிரியாக அந்த மேஜைமேல் இருந்தது. கட்டி முடித்தவை எல்லாம் மரத்துண்டு. இனி வரப்போவது மட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக். செய்வது உள்ளே இருக்கும் ஒரு அம்மா என்றார்கள். அவரைப் பார்க்காமலே வந்துவிட்டேன். பார்த்திருந்தால் கதைவிட முடியாது.

2

முதல் தொடக்கம்: ‘வானைக் கிழித்துக்கொண்டு இரு கோபுரங்கள்...’ வேண்டாம், மேளதாளம் அதிகம்.

இரண்டாவது: மாதிரிக்காரி அனுமதிக் குழுவினருக்கு மேஜையைத் துடைத்து வைத்தாள்.

பழைய கல் கட்டடம் மேலே போகப்போகப் படிப்படியாக ஒடுங்கி, தொப்பி போட்டதுபோல முடியும்.* முன்னால் வரப்போகும் கண்ணாடிக் கட்டடத்துக்கோ இடுப்பும் இல்லை, தோளும் இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே நேர். [நடுநிலையாக எழுத முயன்று தோற்ற இடம் இது.] இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தூரத்திலிருந்து ஊருக்கு ஒரு களை வரும். ஒன்றன் முன்னால் ஒன்று நின்றால்தான் வம்பு.

குழுத் தலைவர் குனிந்து பார்த்தார். பிளாஸ்டிக் வழியே கல் கட்டடம் பளிச்சென்று தெரிந்தது.

“எதுவும் மறையலையே. நாளைக்குக் கையெழுத்து போட்டுடலாம்.”

நிஜக் கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும், சுவர் மாதிரி நிற்கும். வழக்கப்படி செய்தவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. 

* எனக்கும் இப்படி ஒரு கட்டடம் இருந்தது. பஸ் ஜன்னலில் அதன் உச்சி தெரிந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது அதை மறைத்துக் கட்டிவிட்டார்கள், பக்கத்து சீட்டில் கேட்டுத்தான் இறங்குகிறேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.

3

(முதல் வரைவில் இங்கே கணவன் இருந்தான். வாயே திறக்கவில்லை, அனுப்பிவிட்டேன்.)

வீட்டில் மாதிரிக்காரியின் அக்கா இருக்கிறாள். அந்தக் கல் கட்டடத்தில்தான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றாள். முட்டி போனபிறகு வெளியே போவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, சாயங்கால வெயில் அதன் படிகளில் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் யார் பேசினாலும் காதில் விழாது.

“அது வந்தா இங்கேர்ந்து உன் கட்டடம் தெரியாதுக்கா. பிளாஸ்டிக்குக்குச் சாம்பல் பெயின்ட் அடிச்சு வெச்சிடலாம்னு பாக்கறேன். மறைக்குதுன்னு அப்ப அவங்களுக்கே தெரியும்.”

“யாரைக் கேட்டு அடிப்பே? உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்காதே.”

4

முடிவு ஒன்று: அடிக்கிறாள். கையெழுத்து நிற்கிறது, அவள் வேலையும் நிற்கிறது.

முடிவு இரண்டு: அடிக்கவில்லை. ஒருநாள் அக்கா நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி... (முடிக்க மனம் வரவில்லை.)

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். காலையில் மாதிரிக்காரி பெயின்ட் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பு மாட்டுகிறாள். அக்கா ஜன்னலைவிட்டுத் திரும்பாமல் கேட்கிறாள்:

“ஏன்டி, அந்தக் கண்ணாடியில நம்ம வீடு தெரியுமா?”

ஆசையாகக் கேட்டாளா, மனசை ஆற்றிக்கொண்டு கேட்டாளா, தங்கையின் வேலை போகக்கூடாதென்று கேட்டாளா? குரலை நான் எழுதவில்லை. டப்பாவைத் திறப்பதா வேண்டாமா என்பது அந்தக் குரலில்தான் இருக்கிறது. நீங்கள் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். தங்கை வாசலில் நிற்கிறாள்.