நாலெழுத்துச் சோளம்

சலாலிக்கு அன்று ஒரே அவசரம். அவசரத்தில் செய்த வேலை எந்த ஊரில் உருப்பட்டிருக்கிறது, தாலகுவாவில் உருப்பட?

எங்கள் வாரப் பத்திரிகையில் பாதி இங்கிலீஷ், பாதி செரோக்கி, அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் மொழி. இரண்டுக்கும் அச்சுக்கோர்க்கிறவன் சலாலி ஒருவன்தான். மர ஆலைக்காரர் ஏமஸ் வார்டெலின் விளம்பரத்தை இங்கிலீஷ் பக்கத்தில் கோர்த்துக்கொண்டிருந்தான். உச்சியில் ஆலையின் படம். அதன் கீழே 4M, அடியில் A.W. என்று பெரிதாக இரண்டு வரி, நடுவில் பொடி எழுத்தில் விவரம். M என்றால் ஆயிரமாம். நாலாயிரம் கூரைப் பலகை விற்பனைக்கு, இப்படிக்கு ஏமஸ் வார்டெல் என்று அர்த்தம்.

பெரிய இங்கிலீஷ் எழுத்தெல்லாம் ஓர் ஏல அறிவிப்பில் மாட்டிக்கொண்டிருந்தன. சலாலி செரோக்கிப் பெட்டிக்குள் கையை விட்டான். எங்கள் செரோக்கி 'செ' அப்படியே 4 மாதிரி இருக்கும். 'லு' M மாதிரி, 'கோ' A மாதிரி, 'லா' W மாதிரி. எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்று நாலையும் எடுத்துச் செருகிவிட்டான். இரண்டு மொழி எழுத்தையும் கலந்தால் அன்றோடு வேலை காலி என்று ஆசிரியர் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். கேட்டால்தானே!

அந்த வருஷம் மழை இல்லை. மக்காச்சோளம் நின்ற இடத்திலேயே கருகிவிட்டது. சலாலியின் அக்கா நேலிக்குப் புருஷன் இல்லை, பிள்ளைகள் ஆறு. எங்கள் வழக்கத்தில் குலம் அம்மா வழி, பிள்ளைகளுக்குப் பொறுப்பு தாய்மாமன்தான். ஆக, ஆறு வயிறும் சலாலியின் தலையில்.

நேலிக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பக்கத்தைப் புழு ஊர்ந்த தடம் என்று சொல்லிப் புரட்டிவிடுவாள். அந்த வாரம் மட்டும் கண் நின்றுவிட்டது. ஆலையின் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'செலு'. செலு என்றால் சோளம்! பன்னிரண்டு மைல் நடந்து ஆலைக்கு வந்தாள். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். விடிந்தபோது ஆலை வாசலில் முப்பது பேர், முப்பது காலிச் சாக்கு.

ஏமஸ் ஆளனுப்பிச் சலாலியை வரவழைத்தார். அவருக்குச் செரோக்கி பேச வரும், படிக்க வராது.

"யோவ், இவங்களுக்கு எடுத்துச் சொல்லுய்யா! M-னா ஆயிரம். ரோமன்காரன் கணக்கு."

"ரோமனா?" என்றாள் நேலி. "அவன் எந்தக் குலம்? ஓநாய்க் குலமா, மான் குலமா? அவங்கம்மா யாரு?"

"அவன் செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆச்சும்மா!"

"செத்தவன் பேச்சைக் கேட்டா பலகை விக்கிறீங்க? நல்லா இருக்கே!"

கூட்டம் சிரித்தது. ஏமஸுக்கு முகம் சிவந்தது.

"சலாலி, இது இங்கிலீஷ் எழுத்துன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இல்லே, உங்க ஆசிரியர்கிட்ட போறேன்."

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வேலை பிழைக்கும். அக்கா காலிச் சாக்கோடு பன்னிரண்டு மைல் திரும்பி நடப்பாள். சலாலி அவள் காலைப் பார்த்தான். பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"தம்பி, அச்சுல வந்தது பொய்யா? வாயத் தொறடா."

"நம்ம எழுத்துதான்க்கா. நாலையும் நான்தான் வெச்சேன்."

கூட்டம் போட்ட கூச்சலில் ஆலை அதிர்ந்தது. ஏமஸ் பத்திரிகையை வாங்கி விரித்தார். மனுஷன் லேசுப்பட்டவரா?

"சரி, நாலும் உங்க எழுத்து. அப்போ கீழே இருக்கிறது என் பேரு இல்லையே? அதையும் படிம்மா."

"கோ... லா." நேலியின் குரல் இறங்கிவிட்டது. கோலா என்றால் குளிர்காலம்.

"செலு, கோலா. சோளம், குளிர்காலம்! பேஷ். குளிர்காலத்துல வாங்க, தர்றேன்."

வேலையும் போச்சு, சோளமும் போச்சு. சலாலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேலியோ சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"எதுக்கு வீண் அலைச்சல்? இங்கேயே இருக்கோம். வரட்டும் குளிர்காலம்."

அது ஆகஸ்ட் மாதம்.

முப்பது பேரும் உட்கார்ந்தார்கள். மறுநாள் அறுபது ஆனார்கள், பிள்ளைகளும் வந்துவிட்டன. பலகை அடுக்கின் நிழலில் அடுப்பு மூட்டி, ஆற்றில் பிடித்த மீனைச் சுட்டுத் தின்றார்கள். சாயங்காலமானால் தேவாலயப் பாட்டு. வண்டி எதுவும் உள்ளே நுழைய முடியவில்லை, ரம்பம் நின்றது. தினம் காலையில் யாராவது ஒருவர் ஏமஸின் கதவைத் தட்டி, "ஐயா, இன்னைக்குக் கொஞ்சம் குளுருதோ?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவார். "இல்லை!" என்று கத்துவார் ஏமஸ், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அவர் களஞ்சியம் நிறையப் போன வருஷத்துச் சோளம் கிடப்பது ஊருக்கே தெரியும். ஆனால் சொன்ன சொல்லை விழுங்க மனுஷனுக்குத் தொண்டை இடம் கொடுக்கவில்லை.

ஆசிரியர் சலாலியைத் துரத்தத்தான் நினைத்தார். எங்கள் எண்பத்தைந்து எழுத்தையும் கோர்க்க வேறு யார் இருக்கிறார்கள்? "இங்கிலீஷ் பெட்டி பக்கம் போனே, கையை ஒடிப்பேன்" என்பதோடு விட்டுவிட்டார்.

ஒன்பதாம் நாள் ஏமஸே அச்சகத்துக்கு வந்தார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"ஒரு விளம்பரம். செரோக்கியிலயே போடு."

"என்னன்னு போடறது?"

"குளிர்காலம் வந்துடுச்சுன்னு."

"ஐயா, ஆகஸ்ட்ல..."

"அச்சுல வந்தா வந்ததுதானே? போடுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

சலாலி அதைத் தேய்மானம் இல்லாத எழுத்தாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கோர்த்தான். பத்திரிகை வெளிவந்த காலையில் களஞ்சியம் திறந்தது, சாக்குகள் நிறைந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. நேலி சாக்கைத் தோளில் ஏற்றினாள். கழுத்தெல்லாம் வியர்வை வழிந்தது. சலாலி கைகொடுக்கப் போனான்.

"இதை நான் பாத்துக்கறேன். நீ ஓடிப்போய் ஆறு போர்வை எடுத்துட்டு வாடா தம்பி. புள்ளைங்களுக்குச் சளி பிடிச்சுக்கப் போகுது."

சலாலி சிரிக்கவில்லை. ஓடிப்போய் எடுத்து வந்தான்.