கழுவாத திராட்சை

கழக்கூட்டம் ஆபீசில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஷைனி திராட்சை டப்பாவைப் பிரித்தாள்.

"தமிழ்நாட்டுச் சாதனமல்லே? விஷமாணு. நல்லா கழுவணும்."

அத்தனை மலையாளிகளுக்கு நடுவே ஒரே திருநெல்வேலிக்காரன் நான். தமிழ்நாட்டுச் சரக்கு என்றாலே விஷமா என்று சுருக்கென்றது. டப்பாவைப் பிடுங்கி, "எங்க மண்ணுல விளைஞ்சது. விஷமா? இப்பப் பாரு" என்று ஒரு கொத்தை அப்படியே தின்று காட்டினேன்.

வீட்டில் உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று தண்ணீர் அலசாமல் ஒரு பழத்தையும் தொடாத ஆள் நான். நாக்கில் ஏதோ வெள்ளைப் பொடி ஒட்டியது. மானம் பெரிதென்று விழுங்கினேன்.

அதற்குள் ஷைனி மூடியிலிருந்த லேபிளைப் படித்துவிட்டாள்.

"சேட்டா, இது நாசிக் சாதனமாணு."

மகாராஷ்டிரத்தின் மானத்தைக் காப்பாற்றிய நான், வாய் கொப்பளிக்கக் குழாயடிக்கு ஓடினேன்.