எக்சர்ஜி கணக்கில் ஒரு மைனஸ்

மின் நிலையத்தில் ஆற்றல் எங்கே வீணாகிறது என்று எக்சர்ஜி முறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் அந்தப் பொறியாளர். எவ்வளவு வெப்பம் போனது என்று மட்டும் பார்க்கும் கணக்கல்ல அது. அந்த வெப்பத்தால் எவ்வளவு வேலை வாங்க முடியும் என்று பார்ப்பது. ஒவ்வொரு கருவியிலும் அந்தத் திறன் கொஞ்சமாவது குறைந்தே தீரும். கொதிகலனில் குறைந்தது. டர்பைனில் குறைந்தது. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரை நீராவியால் சூடாக்கும் மூன்றாவது ஹீட்டரில் மட்டும் கூடியிருந்தது. இழப்பு என்ற கட்டத்தில் மைனஸ்.

மூன்று தடவை சரிபார்த்தாள். கணக்கில் பிழையில்லை. அளவீட்டுப் பதிவேட்டைப் புரட்டினாள். தண்ணீர் வெளியேறும் வெப்பநிலை ஒன்பது நாளாக ஒரே எண். புள்ளிக்குப் பின்னால் இருந்த இலக்கம்கூட மாறவில்லை. கையெழுத்து அங்கேயே அளவெடுக்கும் வேலையிலிருந்த அக்கா வீட்டுக்காரருடையது.

அவருக்குப் போன் செய்தாள். மீட்டர் பழசு என்று மழுப்பினார். ஹீட்டர் மேடைக்கு ஏறிப் பார்த்தீர்களா என்று நேராகக் கேட்டாள்.

"ஏறலம்மா," என்றார் கடைசியில். "பைப் ஜாயின்ட்ல ஆவி சீறுது. ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன், யாரும் காதுல போட்டுக்கல. பயந்துபோய் பழைய நம்பரையே எழுதிட்டேன்."

"அத்தான், இப்ப அங்க யாராவது இருக்காங்களா?"

"பெயிண்ட் அடிக்க ரெண்டு பேர் போயிருக்காங்க."

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். ஷிப்ட் அதிகாரி அசையவில்லை. ஹீட்டரை நிறுத்தினால் உற்பத்தி குறையும், ஒரு மைனஸுக்காக மேலிடத்தில் யார் பேச்சு வாங்குவது என்றார்.

"அந்த நம்பர் பொய் சார். எழுதினது எங்க அத்தான். அவரே ஒத்துக்கிட்டார். ஜாயின்ட்ல ஆவி சீறுது, மேல பெயிண்டர்கள் ரெண்டு பேர் இருக்காங்க."

அதிகாரி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியில் பெயிண்டர்களை இறங்கச் சொல்லிவிட்டு, ஹீட்டருக்குப் போகும் ஆவியை அடைக்க உத்தரவிட்டார். வால்வு மெல்லத்தான் மூடியது. பாதிகூட மூடியிருக்காது, ஜாயின்ட் பிய்த்துக்கொண்டது. கேமராத் திரையில் மேடையே தெரியவில்லை, ஒரே வெண்புகை. அதற்குள் பெயிண்டர்கள் கடைசிப் படியையும் இறங்கித் தாண்டியிருந்தார்கள்.

அன்றே அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர் எழுதிய பொய் எண்ணையும், கண்டுகொள்ளப்படாத இரண்டு புகார்களையும் தேதியோடு அவள் அறிக்கையில் எழுதினாள். அக்கா மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் அத்தானே கூப்பிட்டார்.

"உங்க அக்கா கோவம் தணிய நாளாகும். புகார் நகல் ரெண்டும் எங்கிட்ட பத்திரமா இருக்கு. நாளைக்கு விசாரணையில குடுக்கப்போறேன். பொய் எழுதினதையும் நானே சொல்லிடுறேன்."

வேலை திரும்பக் கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது. விசாரணை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.