ரவுட்டருக்கு மறதி வந்த காலை

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் நடுவில் சுவர் வைத்து வீட்டைப் பிரித்துக்கொண்டபோது ஏணியைக்கூட விடவில்லை. ஒரு மாதம் எங்களுக்கு, அடுத்த மாதம் அவர்களுக்கு என்று முறை வைத்தார்கள். பிரிக்க முடியாமல் நின்றது இணையம் ஒன்றுதான். இணைப்பு கொழுந்தன் பேரில் இருந்தது. ரவுட்டர் எங்கள் பக்கத்துக் கூடத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் என் கம்ப்யூட்டருக்கு, இன்னொன்று அவனுடைய கம்ப்யூட்டருக்கு. சுவர் எழுப்பிய கொத்தனார் அந்த இரண்டாவது வயரைப் பிடித்துக்கொண்டு, "இதை என்ன பண்ணட்டும்?" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்ற அண்ணனும் தம்பியும் ஒரே குரலில், "ஓட்டை விட்டுடுங்க" என்றார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் இரண்டு குடும்பமும் அந்த ஒரே இணைப்பில்தான் பிழைத்தோம்.

இந்த வாரம், ஏணி மாதிரியே முறை வைத்து ஓட்டும் தண்ணீர் மோட்டாரில் வந்தது வினை. யாரோ அணைக்க மறந்து தொட்டி வழிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கத்தல், அந்தப் பக்கம் ஒரு கத்தல். கோபத்தில் தம்பியின் வயரைப் பிடுங்கிப் போட்டார் என் வீட்டுக்காரர். மறுநாள் காலை பார்த்தால், அந்தப் பக்கத்துப் போனில் ஏதோ நகைச்சுவை ஓடுகிறது, சிரிப்புச் சத்தம் கேட்கிறது. வயர் இல்லாமலும் ரவுட்டர் வைஃபையில் இணையத்தை அள்ளிக் கொடுக்கும் என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆபீஸ் நண்பர் ஒருவரைப் போனில் கேட்டிருக்கிறார். பின்னால் சின்னத் துளை இருக்கும், ஊக்கால் அழுத்திப் பிடித்தால் பழசெல்லாம் மறந்துவிடும் என்று அந்தப் புண்ணியவான் சொல்லியிருக்கிறார். நான் குளித்துவிட்டு வந்தபோது ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன பண்ணீங்க?"

"பழைய பாஸ்வேர்டை அழிச்சிட்டேன். இனிமே அவன் எப்படிப் பாக்கிறான்னு பாப்போம்."

அது தம்பியை மட்டும் மறக்கும் என்று நினைத்திருக்கிறார் மனிதர். இணையக் கம்பெனி கொடுத்த பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விட்டன. அவை இல்லாமல் எங்களுக்கும் இணையம் இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று பதினோரு மணிக்கு எனக்குச் சோதனை வகுப்பு. நான் இணையத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். இத்தனை வருஷமாக இங்கே ஒரு பிள்ளை, அங்கே ஒரு பிள்ளை என்று உதிரியாக ஓடியது. இப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமையாசிரியை உட்கார்ந்து பார்ப்பார். தவறினால் அடுத்த ஆள். வீட்டுக்குள் போன் சிக்னலோ பேச்சுக்கே திணறும். அதை நம்பி வகுப்பு எடுக்க முடியாது.

கம்பெனிக்குப் போன் போட்டோம். யார் பேரில் இணைப்பு இருக்கிறதோ அவரிடம்தான் விவரம் சொல்வோம் என்று வைத்துவிட்டார்கள்.

"அவன் வாசல்ல போய் என்னை நிக்கச் சொல்றியா?" என்றார் இவர்.

"நீங்க நிக்க வேணாம். நான் நிக்கிறேன்."

தெருவைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். கதவைத் திறந்த ஓரகத்தி, "வாங்கக்கா, இங்கயும் நெட் இல்ல" என்று நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. கொழுந்தனிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

"ஊக்காலயா குத்தினாரு?" அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு முகம் இறுகியது. "அவரு கூப்பிடட்டும் அண்ணி, வரேன்."

"அவர் கூப்பிட மாட்டார்னு உனக்கே தெரியும். உங்க ரெண்டு பேர் ரோஷத்துக்கு என் வேலையா கிடைச்சுது?" சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

சுவர் வைத்த பிறகு அவன் எங்கள் வாசற்படி ஏறியது அன்றுதான். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கொழுந்தன் என் கம்ப்யூட்டரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, கம்பெனி விவரங்களைத் தன் போனைப் பார்த்துப் பார்த்துத் தட்டினான். கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு பச்சையானது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவன் அதோடு எழுந்துவிட்டான்.

"அண்ணி, வைஃபைக்குப் புதுப் பாஸ்வேர்டு கேக்குது. நீங்களே போட்டுக்கங்க. நான் பாக்கல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எனக்குக் கை எழவில்லை. நான் ஒன்றைத் தட்டி மூடிவிட்டால் இரண்டு வீட்டுக்கும் மிச்சமிருந்த ஒட்டும் அவ்வளவுதான் என்று தோன்றியது. வகுப்புக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. ஆனாலும் அப்படியே நின்றேன். இவரைப் பார்த்தேன்.

இவர் ஜன்னலை விட்டு வந்தார். தம்பியின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார்.

"உக்காருடா. நீயே போடு. உனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஒண்ணாப் பாத்துப் போடு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்கு நான் மறுபடி எதையாவது குத்தி வச்சா, நீதானே வந்து சரி பண்ணணும்?"